கால் வெளுத்த நீலம்

கரையில் ஒரு செருப்பைக் கண்டால் அக்கா முதலில் அதன் அடியைத்தான் பார்ப்பார். வார் அறுந்திருக்கிறதா, ஆணுடையதா பெண்ணுடையதா என்பதெல்லாம் பிறகு. குதிப்பக்கம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிவிட்டு, "இந்த மனிசி இடப்பக்கம் சரிஞ்சு நடக்கிறவ," என்பார். சிலதைப் பார்த்ததும், "இது நடக்கவேயில்லை, வாங்கின கிழமையே கடலுக்குப் போட்டுது," என்பார், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டது என்று சொல்வதைப் போல. பிறகு அது சாக்குக்குள் போகும்.

எங்களுக்குள் சொந்தம் ஒன்றும் கிடையாது. அக்காவின் மனுசனை நான் அண்ணை என்று கூப்பிடுவேன், அதனால் அவர் அக்கா. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் படகு இஞ்சின் திருத்துவதுதான் என் தொழில். கரையோரம் கிடுகுக் கொட்டில் ஒன்று, அதற்குள் நாலைந்து உடைந்த இஞ்சின், ஒரு வாங்கு. காலையில் சாக்கோடு போகிற அக்கா திரும்பி வரும்போது அந்த வாங்கில் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் போவார். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசினால் எங்கள் கரைக்கு, வாடை தொடங்கினால் வடக்குக் கரைக்கு. காற்று எந்தப் பக்கம் ஒதுக்குகிறதோ அந்தப் பக்கம் அக்கா நிற்பார். போத்தல் மூடி, வலைத்துண்டு, மிதவை எல்லாம் பொறுக்குவார். ஆனால் கை முதலில் போவது இறப்பர் செருப்புக்குத்தான்.

அவற்றைக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தரம் ஊறவைத்து உப்பெடுப்பார். பிறகு நிறம் பிரித்துக் காயவைப்பார். கூரான கத்தியால் பாண் வெட்டுவதுபோல மெல்லிய கீற்றாக அரிந்து, ஒவ்வொரு கீற்றையும் விளிம்பு மேலே தெரியும்படி பலகையில் நிறுத்தி ஒட்டுவார். செருப்பு என்று ஒருவராலும் சொல்ல முடியாது. தூர நின்று பார்த்தால் செதில், கிட்டப் போனால் இறகு. கிளிமீன், நண்டு, வாடைக்கு வந்து இறங்குகிற பூநாரை. பழைய படகுகளின் உடைந்த பலகைதான் அடித்தட்டு. ஒரு மீனுக்கு இந்தியத் தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கண்ணாக வைத்துவிட்டு என்னிடம் காட்டினார். "இவருக்குக் கண் அங்காலப் பக்கத்தது, தம்பி. அதான் எங்களை ஒரு மாதிரிப் பாக்கிறார்."

அண்ணை அப்போது இருந்தார். "நான் கடலுக்குள்ள போய்ப் பிடிக்கிறன், இவள் கரையில நிண்டு பிடிக்கிறாள். நாறாத மீன் இவளின்ர தான்," என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகெல்லாம் கவிழ்த்துக் கிடந்த அந்த மாதங்களில் அவரும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் நடந்தார். அக்கா கடிந்துகொள்வது தூரத்திலேயே கேட்கும். கண்டதையெல்லாம் பொறுக்கிப் போடுகிறார், அடியைப் பார்க்கிறாரில்லை என்று.

அந்த நாட்களில்தான் கரையிலிருக்கிற கடற்படைக் காவலரணில் ஒரு கதை நடந்தது. புதிதாக வந்த கடற்படைப் பையன் ஒருவன் அக்காவின் சாக்கைக் காட்டி, உள்ளே என்ன என்று அரைகுறைத் தமிழில் கேட்டிருக்கிறான். அக்கா உள்ளதைச் சொன்னார். "செருப்பு." அவனுக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொல்லில் அதுவும் ஒன்று, ஆனால் ஏச்சாகத்தான் தெரியும். முகம் சிவந்துவிட்டது. இன்னொரு தரம் கேட்டான், அக்கா இன்னொரு தரம் அதையே சொன்னார். நான் ஓடிப்போய்ச் சாக்கை அவிழ்த்துக் கொட்டிக் காட்டியபிறகுதான் அவன் சிரித்தான். "செருப்பு எண்டால் செருப்பு எண்டுதானே சொல்லலாம்," என்று வீடு வரும்வரை அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். அந்தச் சொல் இன்னொரு நாளைக்கும் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. அதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். நிறம் பூசமாட்டார். ஒரு பொட்டும் பூசமாட்டார். தலைமன்னார்ப் பக்கம் தங்குமிடம் நடத்துகிற ஒருவர் பன்னிரண்டு பூநாரை கேட்டார். ஏழுக்குத்தான் இளஞ்சிவப்புச் செருப்பு இருந்தது. மிச்சம் ஐந்துக்கும் வெள்ளைச் செருப்பில் செய்து பூசிவிடுங்கோ என்று அவர் ஒரு பெயின்ற் ரின்னையே கொண்டுவந்து வைத்தார். ஒட்டின பலகை காயும்வரை மேலே பாரம் வைக்க அந்த ரின் உதவியது. கடைசிவரை மூடி திறக்கவில்லை. ஏழு பூநாரைதான் போயின. ஏன் அக்கா என்று கேட்டேன்.

"வந்த நிறத்தில இருக்கட்டும், தம்பி. நான் மாத்தினால் பிறகு ஆர் எண்டு தெரியாமப் போகும்."

எது என்று சொல்லவில்லை, ஆர் என்றார். ஆட்கள் சொல்வதைப் பொறுக்கிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அவர் செருப்புப் பொறுக்கியது போல. இதையும் எடுத்து வைத்தேன். அப்போது அடியைப் பார்க்கவில்லை.

செருப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் கரையில் படகு தள்ளப் போகிறவர்கள் செருப்பைப் பூவரச மரத்தடியில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். ஒரு திருநாளுக்கு வான் வண்டியில் செருப்புக் கொண்டுவந்த வியாபாரியிடம் ஆண்களின் அளவில் நீலம் மட்டும்தான் இருந்தது. கரை முழுக்க நீலச் செருப்பாகிவிட்டது. விடிய வந்தவன் போட்டுக்கொண்டு போனது யாருடையதோ. சண்டை பொறுக்கமுடியாமல் நான் ஸ்குரூட்றைவரை நெருப்பில் காய்ச்சி, ஆளுக்கொரு அடையாளம் குதியின் அடிப்பக்கம் சுட்டுக் கொடுத்தேன். ஒருவனுக்குச் சிலுவை, ஒருவனுக்கு வட்டம். அண்ணைக்கு ஒரு புள்ளி வைக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

"ஒரு புள்ளி வைச்சால் முடிஞ்சுது எண்டு அர்த்தமடா. மூண்டு வை. தொடரும் எண்டு கிடக்கட்டும்."

இரண்டு செருப்பிலும் மும்மூன்று புள்ளி சுட்டேன்.

அதற்கு அடுத்த வருசம் ஒரு நாள் அண்ணை தனியே போனார். காற்றில்லை, கடல் அடிக்கவுமில்லை. குளத்தைப் போல் கிடந்தது. அவர் திரும்பவில்லை. மூன்று நாள் படகுகள் போய்த் தேடின, கடற்படையும் தேடியது. ஒரு பலகைகூட அகப்படவில்லை. இஞ்சின் நின்று அங்கால் இழுபட்டுப் போயிருப்பார், இந்தியாவில் பிடித்துச் சிறை மறியலில் வைத்திருப்பார்கள், கடிதம் வரும் என்று எல்லாரும் சொன்னோம். அப்படிப் போய் ஒரு வருசம் கழித்து வந்தவர்கள் எங்கள் கரையிலும் உண்டு. அந்த இஞ்சினைக் கடைசியாகக் கழற்றிப் பூட்டியவன் நான். இதை அக்கா ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பூவரசடியில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. கடலுக்குப் போனவனின் செருப்பை வேறு ஆள் எடுக்கக்கூடாது, எடுத்தால் அவன் வரமாட்டான் என்று எங்கள் கரையில் ஒரு எண்ணம். அதனால் எல்லாரும் சுற்றிக்கொண்டு நடந்தோம். வாடைக்குத் தண்ணீர் ஏறும்போல் இருந்த அன்று, கை படாமல், ஒரு பெரிய மஞ்சள் மீன்பெட்டியை அவற்றின்மேல் கவிழ்த்து, பெட்டியின்மேல் ஒரு முருகைக்கல்லைத் தூக்கி வைத்தேன். அதற்குப் பிறகு செருப்புக் கண்ணில் படவில்லை. மஞ்சள் பெட்டியைத்தான் சுற்றி நடந்தோம்.

அக்கா அழுது ஒருவரும் காணவில்லை. அழாததையும் ஊர் கதைத்தது. மூன்றாம் நாளே சாக்கோடு கரைக்குப் போனார். செத்தவருக்குக் கொடுக்கிற முப்பத்தோராம் நாள் பூசையைக் கொடுக்கச் சொல்லி மாமியார் பகுதி வந்து நின்றபோது வாசலில் வைத்தே சொன்னாராம்: "செருப்பு வெளியில கிடந்தால் ஆள் உள்ளுக்க நிக்குது எண்டுதானே அர்த்தம். வெளியில வரட்டும், பாப்பம்." கோயில் வாசலையும் வீட்டு வாசலையும் பார்த்துச் சொல்கிற சொல்லைக் கடலுக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

கரையிலே மாதாவுக்கு ஒரு சின்னக் கெபி இருக்கிறது. படகு தள்ள முன்னர் ஒரு நிமிசம் நின்று சிலுவை போட்டுக்கொண்டு போகிற இடம். அதிலிருந்த அச்சுப்படம் உப்பில் அரித்து, முகம் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறைதான் மிஞ்சியிருந்தது. உப்புக்கு அழியாத படம் வேண்டும் என்று நாங்கள் நாலைந்து பேர் போய் அக்காவிடம் கேட்டோம். வேலை ஒன்று இருந்தால் நல்லது என்றும் நினைத்தோம். "செய்யலாம்," என்றார்.

பலகை என் கொட்டிலில் இருந்துதான் போனது. பழைய படகொன்றின் மூடிப்பலகை, கை விட்டுத் தூக்குவதற்கு நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கையகல ஓட்டை உள்ளது. நாலு மாதத்தில் முகம் வந்துவிட்டது. மண்ணிற வார்களையும் பழுப்பு அடிகளையும் வைத்து, எங்கள் பெண்களின் வெயில் பட்ட முகம். பிறகு முக்காடு. கருநீலம், வான்நீலம், பச்சை கலந்த நீலம் என்று கடல் தந்த நீலம் முழுவதும் அதில் இருந்தது. தோள்மடிப்பில் அந்த ஓட்டை விழுந்த இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம். ஒரு திருநாள் போய்விட்டது. சாக்கு நிறைய நீலம் வருகிறதே அக்கா, இன்னும் என்ன என்றேன்.

"கடல் வெளுத்த நீலம் இருக்கு, தம்பி. கால் வெளுத்த நீலம்தான் இல்லை."

நான் ஒரு மடையன். என் காலில் கிடந்த நீலச் செருப்பைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன். வியாபாரியிடம் வாங்கிய அதே செருப்பு. வருசக்கணக்காக மிதித்து, நடுவில் வெளுத்து, பாதத்தின் வடிவம் விழுந்திருந்தது. அக்கா அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். நான் சுட்ட வட்டத்தை விரலால் தொட்டார். பிறகு திரும்ப நிலத்தில், என் காலுக்கு நேரே, சோடியாக வைத்தார்.

"நடக்கிற ஆளிட்ட எடுக்கமாட்டன்," என்றார்.

அடுத்த திருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது படம் முடிந்தது. தோளில் அந்த இடம் மட்டும் கீற்றாக இல்லாமல் இரண்டு முழுத் துண்டாக, மங்கின நீலத்தில், பல நாள் உடுத்த சீலையின் மடிப்பைப் போல் இருந்தது. எங்கே அகப்பட்டது என்று கேட்டேன். "கரையில இருந்தது," என்றார். கரைக்கு வந்தது என்று சொல்கிறவர், அன்று இருந்தது என்றார். அந்த ஒரு சொல் என் காதுக்கு அகப்படவில்லை. படத்தின் பின்பக்கம் சாக்குத்துணி ஒட்டி மூடியிருந்தது. நான்தான் தூக்கிக்கொண்டுபோய் நாலு மூலையிலும் ஆணி முறுக்கிப் பூட்டினேன்.

சனம் விரும்பியது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கி அந்த முக்காட்டில் வாய்வைத்து முத்தி செய்யவைத்தார்கள். என்ன பொருளில் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா வீட்டில் என்னென்னவோ கிடக்கும், அதில் ஏதோ ஒன்று. திருநாளன்று கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் படத்துக்கு முன்னால் நின்று ஆச்சரியப்பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தொட்டுப் பாருங்கோ," என்றேன். "இது முழுக்கச் செருப்பு."

மத்தியானச் சாப்பாட்டுப் பந்தியில் அந்தச் சொல் எனக்கு முன்னால் போய் இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடியக் கோயில் முகப்பில் கூட்டம் வைத்தார்கள். மூப்பர் ஒருவர், அண்ணையோடு ஒன்றாகப் படித்தவர், மாதாவுக்குச் செருப்பு மாலை போட்டமாதிரி ஆகிவிட்டது என்றார். வேறு ஊர்ச் சனம் கேட்டால் என்ன சொல்வது என்றார் இன்னொருவர். கழுவி உப்பெடுத்த இறப்பர் அது, இறப்பருக்கு என்ன பாவம் என்று நான் தொடங்கினேன். வாயால் கெடுத்தவனே நீதானே என்று இருத்திவிட்டார்கள். அது உண்மை. பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா அழுதேவிட்டார். "ஆரின்ர காலுக்குக் கீழ கிடந்ததோ தெரியாது. நான் ஒவ்வொரு நாளும் முத்தி செய்தனான்."

அக்கா தூணோடு நின்றார். அந்தக் கிழவி அதைச் சொன்னபோது அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பூசை வைக்கிற சுவாமி இளம் ஆள், இரண்டு பக்கமும் நோகாமல் பேசப் பார்த்தார். சனம் மனம் ஒட்டிச் செபிக்கமுடியாத படம் அங்கே இருந்து என்ன பயன் என்று மெதுவாகக் கேட்டார்.

"சரி, சுவாமி," என்றார் அக்கா. "தம்பியைக் கழட்டச் சொல்லுங்கோ. அவனுக்கு ஆணி தெரியும்."

அன்று பின்னேரமே போனேன். கெபியில் ஒருவரும் இல்லை. நாலு ஆணியையும் கழற்றினேன். சுவரின் ஈரத்துக்குச் சாக்குத்துணி அதோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தபோது துணி சுவரில் நின்றுவிட்டது, படம் மட்டும் கையோடு வந்தது. தரையில் கவிழ்த்து வைத்தேன். பலகையின் பின்பக்கம் அந்தக் கையகல ஓட்டைக்குள் இரண்டு குதி அருகருகே இறுக்கி இருந்தன. இரண்டிலும் மும்மூன்று புள்ளி.

நான் சுட்டது. இடப்பக்கச் செருப்பில் நடுப்புள்ளி கொஞ்சம் விலகியிருக்கும், அண்ணை சிரித்ததில் கை தவறியது. அதுவும் அப்படியே இருந்தது.

பெரிதாக ஒன்றும் எனக்குள் எழவில்லை. ஆணிகளை எண்ணிச் சட்டைப்பையில் போட்டேன். சுவரில் ஒட்டியிருந்த துணியைச் சுரண்டி எடுத்தேன். படத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அவர் முற்றத்தில் செருப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். படத்தைச் சுவரோடு சாய்த்தேன், பின்பக்கம் தெரியும்படி. துணி இல்லாததைக் கண்டார். என் முகத்தைப் பார்த்தார். மறைக்கப் பார்க்கவில்லை.

"நான் போய்ச் சொல்லுறன், அக்கா," என்றேன். "ஆரின்ர செருப்பு எண்டு தெரிஞ்சால் ஒருத்தரும் வாய் திறக்காயினம். இண்டைக்கே திரும்பப் பூட்டலாம்."

"வேண்டாம். சொன்னால் பாவம் பாத்து வைப்பினம். பாவம் பாத்து வைக்கிற படம் எனக்கு வேண்டாம்." கையிலிருந்த ஒரு செருப்பைத் திருப்பி வெயில் படும்படி வைத்தார். "இந்த ஊரில நான் இருக்குமட்டும் சொல்லாதை."

எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு அடுத்த நாள் காலையில் என்றார். கல்லை இறக்கி, பெட்டியைத் தூக்கி, எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்ப அப்படியே வைத்துவிட்டு வந்தாராம். பிறகு இரண்டு நாள் வெட்ட மனம் வரவில்லையாம். முன்பாதியும் வாரும் அலுமாரியில் இருக்கிறதாம். நிறமே பூசாத மனிசி, நாங்கள் எல்லாரும் மறியல், கடிதம் என்று பூசிவைத்திருந்த அந்த ஒன்றை எல்லாருக்கும் முதல் சுரண்டிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து இத்தனை நாளும் நாங்கள் வெறும் பெட்டியைச் சுற்றி நடந்திருக்கிறோம்.

"செருப்பு உள்ளுக்க வந்திட்டுது," என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சுவாமியிட்ட ஒரு பூசை கேக்கவேணும், தம்பி. பேர் சொல்லி வைக்கச் சொல்லு. எனக்கு அந்தக் கோயில் படியால ஏற இண்டைக்கு ஏலாது."

ஓம், கேக்கிறன் என்றேன்.

"அந்தப் பெட்டியையும் எடு. சும்மா கிடக்குது, ஐஸ் போட உதவும்."

பூசை நடந்தது. மூப்பர்மார் எல்லாரும் வந்தார்கள். படத்தைக் கழற்றச் சொன்னவர் முன்வரிசையில் நின்று உரத்துப் பாடினார், கண் கலங்கியிருந்தது. எதற்காக இப்போது திடீரென்று பூசை என்று ஒருவரும் கேட்கவில்லை. மனிசி மனம் ஆறிவிட்டா என்று கதைத்தார்கள். அடுத்த சோளகத்துக்கு முன்னர் அக்கா விடத்தல்தீவில் இருக்கிற தங்கச்சியிடம் போய்விட்டார். சாக்குகளை இங்கேயே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் வான் வண்டியில் ஏற்றினார். முன்பக்கம் வானின் கதவுக்கு, பின்பக்கம் தன் முழங்காலுக்கு. இப்போது இந்த ஊரில் அவர் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், பேரையும் எழுதவில்லை. கெபியில் ஒரு பிளாஸ்டிக் அச்சுப்படம் தொங்குகிறது. நீலம் ஏற்கனவே வெளுக்கத் தொடங்கிவிட்டது.

பூசை நடந்த அன்று பின்னேரம் நான் பூவரசடிக்குப் போனேன். முருகைக்கல்லை இறக்கி, பெட்டியை நிமிர்த்தினேன். கீழே மண் மட்டும், மற்ற மண்ணைவிடக் கொஞ்சம் வெள்ளையாக. பெட்டியைக் கடல் தண்ணீரில் கழுவிப் படகடியில் வைத்தேன். விடிய அதில் சூடைமீன் ஏறி லொறிக்குப் போனது. கரையில் ஒருவர் கேட்டார், பெட்டி எங்கே என்று. படகில் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார், பெட்டி இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு.